உறக்க முகமூடியும் காப்பீட்டுச் சட்டங்களும்: திருப்பூரிலிருந்து ஒரு வரலாறு

உறக்க மூச்சுத்தடை நோய்க்குப் பரிந்துரைக்கப்படும் 'சிபாப்' கருவியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, காற்றை மெல்லிய அழுத்தத்தில் அனுப்பும் பெட்டி. மற்றொன்று, அந்தக் காற்றை மூக்குக்குக் கொண்டுசேர்க்கும் முகமூடி. பெட்டி சில ஆண்டுகள் உழைக்கும். முகமூடி அவ்வளவு நாள் தாங்காது. அதன் சிலிக்கான் குஷன் சில மாதங்களில் தளர்ந்து ஓரங்களில் காற்றைக் கசியவிடும். தலையைச் சுற்றும் பட்டை இழுவை இழந்துவிடும். காற்று வரும் குழாயில் கீறல் விழும். பெட்டிக்குப் பின்னால் உள்ள சிறு பில்டர் கறுத்துப்போகும்.

பெட்டியை எப்படியோ கடன்பட்டு வாங்கிவிடுகிற குடும்பங்கள் திணறுவது இந்த மாற்று உதிரிகளில்தான். காப்பீடு இவற்றுக்குப் பணம் தருமா என்று கேட்டால், விடை 1948-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றிலும் 1986-இல் அறிமுகமான பாலிசி ஒன்றிலும் போய் நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. திருப்பூர்த் தொழிலாளி இந்த இரண்டுக்கும் இடையில் எப்படி அகப்பட்டுக்கொள்கிறார் என்பதைச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நோய்

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயல்பு. சிலருக்கு அவை மூச்சுப்பாதையையே அடைக்கும் அளவுக்குத் தளர்ந்துவிடுகின்றன. மூச்சு பத்து விநாடிகளோ அதற்கு மேலோ நிற்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி உடலை அரைகுறையாக எழுப்பும். மூச்சு திரும்பும், மறுபடி உறக்கம், மறுபடி அடைப்பு. மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு 5 முறைக்கு மேற்பட்டால் நோய் என்றும், 15-ஐத் தாண்டினால் நடுத்தரம் என்றும், 30-ஐத் தாண்டினால் கடுமை என்றும் கணக்கிடுகிறார்கள். இரத்த அழுத்தம், இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குத் தொடர்பு உண்டு. 30 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் உலக அளவில் ஏறத்தாழ 93.6 கோடிப் பேருக்கு இந்நோய் ஏதோ ஓர் அளவில் இருக்கலாம் என்று 2019-இல் வெளிவந்த லான்செட் குழும ஆய்வு மதிப்பிட்டது.

நம் வீடுகளில் இதை நோயாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. குறட்டை விட்டுத் தூங்குகிறவரைப் பார்த்து 'நல்ல தூக்கம்' என்பார்கள். திருப்பூரில் இன்னொரு மறைப்பும் உண்டு. பனியன் கம்பெனிகளில் 'ஒன்றரை ஷிப்ட்' என்பது காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறும் வாரத்தில் அதற்கு மேலும் நீளும். பகலில் கண் சொருகினால் ஷிப்ட்டின் மேல் பழி போட்டுவிடலாம். டாக்டரிடம் போகத் தோன்றாது.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் அப்படித்தான் பல ஆண்டுகளை ஓட்டினார். கட்டிங் பிரிவில் உதவியாளாகச் சேர்ந்து கட்டிங் மாஸ்டர் ஆனவர். அடுக்கி வைத்த துணியின் மேல் கத்தி மெஷினை ஓட்டும்போது ஒருநாள் கண் அசந்துவிட்டது. விரல் தப்பியது. இரவில் மூச்சு நிற்பதை முதலில் கவனித்தவர் அவர் மனைவி. கோவையில் உறக்கப் பரிசோதனை செய்ததில் கடுமைப் பிரிவு என்று வந்தது. இந்தக் கட்டுரைக்கான தேடல் அவர் என்னிடம் கொண்டுவந்த ஒரு நிராகரிப்புக் கடிதத்தில் தொடங்கியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முகமூடியின் பிறப்பு

1980 வரை கடுமையான உறக்க மூச்சுத்தடைக்கு நிச்சயமான சிகிச்சை ஒன்றுதான்: கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்துவிடுவது. அந்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரிடம் வந்த ஒரு நோயாளிக்குக் கழுத்தில் துளை போட்டுக்கொள்ள விருப்பமில்லை. வேறு எதையும் முயன்று பார்க்கலாம் என்று சம்மதித்தார். தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டாரைத் திருப்பிப் பொருத்தி, காற்றை மூக்கு வழியே தொடர்ந்து செலுத்தினார் சல்லிவன். அந்த அழுத்தம் தொண்டையை அடையாமல் திறந்து வைத்தது. அன்றிரவு நோயாளி தடையில்லாமல் உறங்கினார். ஐந்து நோயாளிகளின் அனுபவத்தை 1981 ஏப்ரலில் லான்செட் இதழில் சல்லிவனும் உடன் பணிபுரிந்தவர்களும் வெளியிட்டார்கள்.

நம் கதைக்கு வேண்டியது அந்த மோட்டார் இல்லை, முகமூடி. முதல் முகமூடிகள் கடையில் வாங்கியவை அல்ல. ஒவ்வொரு நோயாளியின் மூக்குக்கும் அச்செடுத்துத் தனித்தனியாகச் செய்தவை. காற்று கசியாமல் இருக்க, ஒவ்வோர் இரவும் சிலிக்கான் பசையால் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். அதாவது இந்தக் கருவியில் அன்றாடம் தீர்ந்துபோகும் பொருள் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. அப்போது பசை, இப்போது குஷன். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் வணிக முறையில் கருவிகள் விற்பனைக்கு வந்தன. சல்லிவனின் கண்டுபிடிப்பை வைத்து 1989-இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ரெஸ்மெட் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. ஒட்டும் பசை போய், முகத்தில் தானாகப் படியும் மென்சிலிக்கான் குஷன் வந்தது. வசதி கூடியது. கூடவே, குறிப்பிட்ட நிறுவனத்தின் குறிப்பிட்ட அளவு குஷன் மட்டுமே பொருந்தும் என்ற கட்டுப்பாடும் வந்தது.

பட்டை விஷயத்தில் திருப்பூருக்கு ஒரு சலுகை உண்டு. தலையைச் சுற்றும் பட்டை என்பது வேறொன்றும் இல்லை, பின்னல் துணி. நடுவில் மெல்லிய நுரை, இருபுறமும் இழுவைத் துணி, நுனியில் ஒட்டுப்பட்டை. உள்ளாடைக்கும் விளையாட்டுச் சட்டைக்கும் எலாஸ்டிக் நாடா நெய்யும் கூடங்கள் இவ்வூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. 2020-இல் கொரோனாக் காலத்தில் இதே ஊர் சில வாரங்களுக்குள் முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்கத் தொடங்கிவிட்டது. என் மாணவரும் பழைய பட்டையை மாதிரியாக வைத்து, நாடா வாங்கி, கம்பெனியிலேயே பவர் டேபிளில் தைத்துக்கொண்டார். என்னிடம் காட்டும்போது, "பெல்ட்டை நம்மூர்லயே தைச்சுக்கலாமுங்க சார், இந்த ரப்பருக்குத்தான் வழியில்லைங்க" என்றார்.

அவர் சொன்ன 'ரப்பர்' சிலிக்கான் குஷன்தான். அதைத் தைக்க முடியாது. கசிந்தால் பெட்டி காட்டும் அழுத்தம் தொண்டைக்குப் போய்ச் சேராது. கசிவை நிறுத்தப் பட்டையை இறுக்கினால் மூக்கின் மேடு புண்ணாகும். புண்ணானால் நான்கு நாள் மாட்டாமல் விடுவார்கள். அந்த நான்கு நாளும் பழைய நோய்தான். கருவியை வாங்கியும் பயன்படுத்தாமல் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் பலர் இந்த வழியில்தான் அங்கே போய்ச் சேர்கிறார்கள்.

1948: கூலியோடு சேர்ந்த காப்பீடு

இந்தியத் தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி 1943-இல் பேராசிரியர் பி.பி. அதர்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944-இல் அறிக்கை தந்தார். அதன் அடிப்படையில் 1948 ஏப்ரலில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. நாம் ஈ.எஸ்.ஐ. என்று சொல்வது இதைத்தான். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் தில்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதலில் வந்த இடம் சென்னை அன்று, கோவை. 1955 ஜனவரி 23-இல் அங்கே தொடங்கியது. பஞ்சாலைகள் நிறைந்த ஊர் என்பதால் இதில் வியப்பில்லை.

இந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மருத்துவ உதவி என்பது மருத்துவமனையில் படுக்க வைத்துச் செய்வதாக இருக்கலாம், மருந்தகத்தில் வெளிநோயாளியாகப் பார்ப்பதாக இருக்கலாம், தொழிலாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பதாகவும் இருக்கலாம் என்று அது சொன்னது. படுக்கையில் சேர்ந்தால்தான் நோயாளி என்ற எண்ணம் அதில் இல்லை. ஒருவருக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்ற உச்சவரம்பும் சிகிச்சைக்கு இல்லை. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயைத் தொழில்சார் நோயாக அட்டவணையில் சேர்த்ததும் இதே சட்டம். மூச்சோடு தொடர்புடைய நீண்டகால நோயை, ஆலை வேலையோடு சேர்த்து யோசித்த சட்டம் என்று இதைச் சொல்லலாம். வீட்டில் இரவுதோறும் அணியும் முகமூடிக்கு மாற்றுக் குஷன் என்பது இந்தச் சட்டத்தின் மனப்போக்குக்கு அந்நியமான பொருள் அல்ல.

சிக்கல், சட்டத்துக்குள் நுழைவதிலும் அதற்குள் நிலைப்பதிலும் இருக்கிறது.

முதலில் ஆள் கணக்கு. மூலச் சட்டம் மின்விசையோடு இயங்கி 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்கூடத்தையே எடுத்துக்கொண்டது. 1989 திருத்தத்தில் மின்விசை உள்ள இடத்துக்கு இது 10 ஆனது. 2010 திருத்தத்தில் மின்விசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் 10 என்று ஆனது. ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த கோவைப் பஞ்சாலைக்கு இந்த எண்ணிக்கைகள் ஒரு பொருட்டே இல்லை. திருப்பூரின் கதை வேறு. 1920-களில் சில பின்னல் எந்திரங்களோடு ஆரம்பித்த தொழில் இது. 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகர் வரவுக்குப் பின் ஏற்றுமதியாக விரிந்தபோதும், ஒரே ஆலையாகப் பெருக்கவில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம், காஜா பட்டன் இன்னோரிடம் என்று ஜாப் ஒர்க்காகப் பிரிந்து வளர்ந்தது. எட்டுப் பேர் தைக்கும் கூடத்தில் ஒன்பதாவது ஆளைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற முதலாளியைச் சட்டம் எட்டாது. சனிக்கிழமை பீஸ் ரேட்டில் கூலி வாங்கிக்கொண்டு, அடுத்த திங்கள் வேறு கூடத்துக்குப் போகிற தையல்காரருக்குக் காப்பீட்டு எண் ஒன்றுதான், அது மாறாது. ஆனால் சந்தா விட்டுவிட்டு ஏறும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கான பயன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரைக்கானது ஜூலை முதல் டிசம்பர் வரை என்பது ஈ.எஸ்.ஐ. நாட்காட்டி. இடையில் மூன்று மாதம் கார்டு இல்லாத கூடத்தில் தைத்தால் அதன் விளைவு அப்போது தெரியாது, ஆறேழு மாதம் கழித்துத் தெரியும்.

அடுத்து ஊதிய வரம்பு. 2010 மே முதல் மாதம் 15,000 ரூபாய், 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். மிகைநேரக் கூலி இந்த வரம்புக் கணக்கில் சேராது. ஆனால் 1948 சட்டத்தின் கீழ் சந்தா பிடிக்கும்போது சேர்ந்தது. பலருக்கு இது தெரியாமல், 'ஓ.டி. பார்த்ததால் ஈ.எஸ்.ஐ. போய்விட்டது' என்று யாரோ சொல்வதை நம்பிவிடுகிறார்கள். 2019 ஜூலை முதல் சந்தா விகிதம் 6.5 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்தது: முதலாளி 3.25, தொழிலாளி 0.75. மாதம் 15,000 ரூபாய் வாங்குகிறவரிடம் பிடிப்பது ஏறத்தாழ 113 ரூபாய். அந்தத் தொகைக்குக் கிடைக்கிற பாதுகாப்பு எந்தத் தனியார் பாலிசியிலும் கிடைக்காது என்பது என் கருத்து.

என் மாணவருக்கு நேர்ந்ததும் இதுதான். கட்டிங் மாஸ்டர் ஆனபோது அடிப்படைச் சம்பளமே 21,000-ஐத் தாண்டியது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். அந்தச் சந்தாக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ. நின்றது. நோய் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு.

தூரத்தையும் சொல்லியாக வேண்டும். திருப்பூர் நகரத்தில் நெடுங்காலம் இருந்தவை இரண்டு ஈ.எஸ்.ஐ. மருந்தகங்கள். உயர்சிகிச்சை வேண்டுமென்றால் 50 கிலோமீட்டர் தள்ளிக் கோவை ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காப்பீட்டாளர் உள்ள பகுதிக்கு இதுதான் நிலைமை. 100 படுக்கை கொண்ட ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பிரதமர் மோடி 2019 பிப்ரவரி 10 அன்று திருப்பூரில் அடிக்கல் நாட்டினார். 2024 பிப்ரவரி 25 அன்று ராஜ்கோட்டிலிருந்து அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கான்பூரில் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால் 72 ஆண்டுகளும் ஒரு நாளும் ஆகின்றன.

1986: படுக்கையோடு சேர்ந்த காப்பீடு

இரண்டாவது வழி முற்றிலும் வேறு. 1986-இல் பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'மெடிக்ளெய்ம்' பாலிசியை அறிமுகப்படுத்தின. இதன் அச்சாணி மருத்துவமனைச் சேர்க்கை. 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால் செலவு திரும்பக் கிடைக்கும். சேர்க்கைக்கு முன்னும் பின்னும் குறிப்பிட்ட நாட்களுக்கான செலவும் உண்டு. வீட்டிலே பயன்படுத்துகிற கருவி இந்தக் கணக்கில் வராது.

பழைய மெடிக்ளெய்ம் பாலிசிகளின் விலக்குப் பகுதியில் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. உடலுக்கு வெளியே வைத்துப் பயன்படுத்தும், நீடித்து உழைக்கும் மருத்துவக் கருவிகள் எதற்கும் பணம் இல்லை என்று சொல்லி, சிபாப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடும். அதோடு வயிற்றுவழி டயாலிசிஸ், மருந்து ஏற்றும் பம்பு, ஊன்றுகோல், பெல்ட், காலர், தொப்பி, ஸ்டாக்கிங்ஸ் என்று அடுக்கும். பனியன் ஊரில் இருந்து படிக்கும்போது ஏதோ ஏற்றுமதி ஆர்டரின் பட்டியல் போலத் தோன்றும். அதன் கடைசியில், பின்னர் வீட்டில் பயன்படக்கூடிய எந்தக் கருவியும் இதில் அடங்கும் என்று கதவைச் சாத்திவிடும்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2013 பிப்ரவரியில் 199 வகைச் செலவுகளைப் பட்டியலிட்டு, எவை பணம் தரத் தக்கவை, எவை அல்ல என்று வரையறுத்தது. சிபாப் கருவி தரத் தகாத பக்கத்தில் இருந்தது. பின்னர் அந்தப் பட்டியல் நான்காகப் பிரிக்கப்பட்டது. 2020 ஜூலையில் வந்த தொகுப்புச் சுற்றறிக்கையில் அந்த வடிவம் இருக்கிறது. பாலிசிப் புத்தகத்தின் பின்னிணைப்பாக இன்றும் அச்சாகிறது. நான்காம் பட்டியலில் சிபாப், பைபாப் கருவிகள் உள்ளன. அதன் பொருள், மருத்துவமனையில் சிகிச்சையின்போது அவற்றைப் பயன்படுத்தினால் தனியாகக் கட்டணம் போடக் கூடாது, சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்கிவிடும் என்பது. வீட்டுக்கு வாங்கிக்கொடுக்கச் சொல்லும் விதி அல்ல அது. முதல் பட்டியல், பாலிசியில் தனியே சேர்த்தாலன்றி பணம் கிடைக்காத 68 பொருட்களைக் கொண்டது. 'முகமூடி' என்ற ஒற்றைச் சொல் அதில் ஒரு வரியாக நிற்கிறது. 'ஆக்சிஜன் முகமூடி' இன்னொரு வரி.

உறக்க மூச்சுத்தடை என்ற நோயின் பெயரே ஆணையத்தின் விதிகளில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். உடற்பருமன் சிகிச்சைக்கான விலக்குப் பிரிவில் அது வருகிறது. உடல் நிறைக் குறியீடு 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான உறக்க மூச்சுத்தடை போன்ற துணைநோய் இருந்தாலோ, எளிய முறைகள் பலிக்காத நிலையில் இரைப்பை அறுவைச் சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. லட்சக்கணக்கில் செலவாகும் அறுவைக்கு இந்நோய் ஒரு காரணமாக ஏற்கப்படுகிறது. சில ஆயிரம் ரூபாய் முகமூடிக்கு ஏற்கப்படுவதில்லை. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. படுக்கையை மையமாக வைத்து எழுதிய ஒப்பந்தம் படுக்கையில் நடப்பதற்குத்தான் பணம் தரும்.

என் மாணவரின் நிராகரிப்புக் கடிதம் இந்தப் பட்டியல்களைத்தான் சுட்டியிருந்தது. மூன்று வரிக் கடிதம். அதில் அவருக்குப் புரியாதது, தன் முகமூடி ஏன் கையுறையோடு ஒரே பட்டியலில் இருக்கிறது என்பது.

அரசுத் திட்டங்களின் நிலையும் இதே குடும்பம்தான். 2009 ஜூலையில் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரி முதல் நடக்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைத் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று மருத்துவமனைக்குத் தருகின்றன. பிந்தியதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பெரிய அறுவைகளில் ஏழைக் குடும்பங்களைக் கரையேற்றிய திட்டங்கள் இவை. எங்களைப் போன்ற ஓய்வூதியர்களிடம் 2022 ஜூலை முதல் மாதம் 497 ரூபாய் பிடிக்கும் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. மத்திய அரசு ஊழியர் நலத் திட்டம் மட்டும் இதில் சற்று மாறுபடுகிறது. உறக்கப் பரிசோதனை அறிக்கையும் முன் அனுமதியும் இருந்தால் வீட்டுப் பயன்பாட்டுக்கான சிபாப் கருவிக்கு 50,000 ரூபாய், பைபாப் கருவிக்கு 80,000 ரூபாய் என்ற உச்சவரம்பில் அது பணம் தந்திருக்கிறது.

மாதாமாதம் தேவைப்படும் பொருளை அரசு வீட்டுக்கே கொடுக்க முடியாது என்ற வாதத்துக்குத் தமிழ்நாட்டிலேயே மறுப்பு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு, வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகளுக்கான திரவப் பைகளும் வீட்டுக்கே தரப்படுகின்றன. பழைய மெடிக்ளெய்ம் விலக்கில் சிபாப்புக்குப் பக்கத்துச் சொல்லாக இருந்தது அந்த டயாலிசிஸ்தான். ஒன்றை எடுத்து வாசலில் கொடுத்தாயிற்று. மற்றது அதே வரியில் கிடக்கிறது.

வெளிநாட்டு வழிகள்

அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டில் உதிரிகளுக்கென்றே அட்டவணை உண்டு. மூக்கு முகமூடியின் குஷன் மாதம் 2, முழுமுகக் குஷன் மாதம் 1, முகமூடிச் சட்டகம் 3 மாதத்துக்கு ஒன்று, குழாய் 3 மாதத்துக்கு ஒன்று, தலைப்பட்டை 6 மாதத்துக்கு ஒன்று, எறிந்துவிடும் பில்டர் மாதம் 2. ஆண்டுக் கழிவுத் தொகை போக, அனுமதித்த விலையில் 80 விழுக்காட்டை மெடிகேர் ஏற்கும். நிபந்தனையும் கடுமை. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான 30 நாட்களில் 70 விழுக்காட்டு இரவுகளில் குறைந்தது 4 மணி நேரம் அணிந்ததைப் பெட்டியின் பதிவு காட்ட வேண்டும்.

கேட்க இனிக்கிறது. அதன் மறுபக்கமும் உண்டு. காப்பீடு பணம் தருகிறது என்பதால், தேவையோ இல்லையோ பொருளை அனுப்பிக்கொண்டே இருக்கும் வணிகம் அங்கே வளர்ந்தது. விற்பனையாளர்களுக்கு, நோயாளிகளைத் தொலைபேசியில் அழைத்து உதிரி ஆர்டர் எடுக்கும் சேவை உள்ளிட்ட சலுகைகளை இலவசமாகத் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ரெஸ்மெட், 2020 ஜனவரியில் 3 கோடியே 75 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டது. பிரிட்டனில் முறை எளிது. தேசிய சுகாதாரச் சேவையின் உறக்க மருத்துவப் பிரிவு கருவியைக் கடனாகத் தருகிறது. முகமூடி தேய்ந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். நமக்கு ஏற்றது இந்த இரண்டாவதே. ஈ.எஸ்.ஐ. மருந்தகம் என்ற அமைப்பு ஏற்கெனவே அதே சாயலில் இருக்கிறது.

உதிரி என்றால் அற்பம் என்று எண்ணுபவர்களுக்கு 2021 ஜூன் ஒரு பாடம். பெட்டிக்குள் ஒலியை அடக்க வைத்திருந்த பாலியெஸ்டர் வகை பாலியூரித்தேன் நுரை சிதைந்து காற்றோடு கலக்கலாம் என்பதால், பிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் லட்சக்கணக்கான உறக்கக் கருவிகளைத் திரும்ப அழைத்தது. பெட்டியில் சந்தேகம் வந்தது உள்ளே இருந்த ஒரு நுரைத்துண்டால்.

கையில் இருக்கவேண்டிய தாள்கள்

இன்றைய நிலையில் செய்யக்கூடியவை சில. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர் கருவியைக் கடையில் வாங்குவதற்கு முன்பே மருந்தகத்தில் தொடங்கி, பரிந்துரை பெற்று, சிறப்பு மருத்துவர் வரை முறைப்படி போக வேண்டும். வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நிற்பது தலைகீழ் வழி. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டில் கருவியின் பெயர் மட்டும் போதாது. முகமூடியின் வகை, அளவு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதையும் எழுதித்தரக் கேளுங்கள்.

தனியார் பாலிசி எடுக்கிறவர்கள் நோயை மறைக்கக் கூடாது. 2024 ஏப்ரல் முதல், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள்தான். மறைத்தது வெளிப்பட்டால் மற்ற நோய்களுக்கான உரிமைக்கும் ஆபத்து. 'கன்ஸ்யூமபிள்ஸ் கவர்' என்று விற்கப்படும் கூடுதல் சேர்க்கை பெரும்பாலும் மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கானது, வீட்டுக் குஷனுக்கு உதவாது. வெளிநோயாளிச் செலவையும் ஏற்கும் பாலிசியா என்பதைத்தான் கேட்க வேண்டும். கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீட்டில் விதிகளைப் பேசி மாற்ற இடமுண்டு. 68 பொருள் பட்டியல் அங்கே கல்வெட்டு அல்ல.

நிராகரிப்பு வந்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் பாலிசியில் தெளிவாக விலக்கப்பட்ட பொருளைக் குறைதீர்ப்பாளர் உள்ளே கொண்டுவருவார் என்று எதிர்பார்ப்பது வீண். என் மாணவரிடம் நான் இதை ஒளிக்கவில்லை.

அவர் இப்போது வேறு வழியில் முயல்கிறார். கம்பெனியில் அவரைப் போல வரம்பைத் தாண்டிய மாஸ்டர்களும் சூப்பர்வைசர்களும் பதினேழு பேர். அவர்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் குழுக் காப்பீடு அடுத்த புதுப்பிப்புக்கு வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் சுவாசக் கருவியின் உதிரிகளுக்கு ஆண்டுக்கு ஒரு சிறு தொகை சேர்க்கச் சொல்லி முதலாளிக்கு ஒரு மனு எழுதினோம். நான் இலக்கணப் பிழை திருத்தினேன். மனுவோடு இரண்டு இணைப்புகள்: மருத்துவர் சீட்டு, கத்தி மெஷின் அருகே கண் அசந்த நாளன்று கம்பெனி விபத்துப் பதிவேட்டில் எழுதிய குறிப்பின் நகல். அதுவரைக்கும் குஷன் கோவையிலிருந்து கூரியரில் வருகிறது. பட்டையை அவரே தைத்துக்கொள்கிறார்.